கொட்டாவியும் குக்கர் விசிலும்

1969 ஜனவரி. லண்டன் ஓரத்தில் ஒரு பெரிய ஸ்டுடியோ, உள்ளே நல்ல குளிர். ஜான் லெனன் இன்னும் வந்து சேரவில்லை. பால் மெக்கார்ட்னி பேஸ் கிதாரைச் சாதாரண கிதார் மாதிரி வறட்டு வறட்டென்று இழுத்தபடி, வார்த்தையே இல்லாமல் எதையோ முனகுகிறார். எதிரில் உட்கார்ந்திருக்கும் ஜார்ஜ் ஹாரிசன் கொட்டாவி விடுகிறார். ரிங்கோ ஸ்டார் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டு மூன்று நிமிடத்தில் முனகல் மெட்டாகிறது, மெட்டில் சொல் வந்து ஒட்டுகிறது, பீட்டில்ஸின் 'கெட் பேக்' பாட்டு கண்ணெதிரே உருவாகிவிடுகிறது.

அந்தக் கொட்டாவி 50 ஆண்டுக்கு மேல் பெட்டிக்குள் கிடந்தது. மைக்கேல் லிண்ட்சே ஹாக் எடுத்த சுமார் 60 மணி நேரக் காட்சியிலிருந்து 1970-இல் வெளியான படம் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. மிச்சத்தையெல்லாம் இயக்குநர் பீட்டர் ஜாக்சன் தூசி தட்டி, 2021-இல் மூன்று பகுதிகளாக, கிட்டத்தட்ட எட்டு மணி நேரத்துக்கு வெளியிட்டபோதுதான் உலகம் அதைப் பார்த்தது. வட சென்னை வியாசர்பாடியில் ஒரு மொட்டைமாடித் தகரக் கொட்டகையில், ஐந்து பேர் ஒரே செல்போனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது நானும் பார்த்தேன். டிரம்ஸ் வாசிக்கும் தம்பி, தங்கள் குழுவின் லீட் கிதார்காரனைக் காட்டிச் சொன்னான்: "நம்ம லீடும் இப்டித்தாணா. எவன் டியூன் போட்டாலும் வாயப் பொளந்துனு இருப்பான்."

அந்தப் பசங்களைப் பற்றி என் நண்பன் ஒருவன் ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்தான். எனக்கு மைக் பிடிக்கும் வேலை. சம்பளம் கிடையாது, டீ உண்டு. ஏழெட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இசைக்குழுக்களைப் பற்றிய இந்த வகைப் படங்களை 'மிக நெருக்கமான ஆவணப்படம்' என்று விளம்பரம் செய்வார்கள். நெருக்கம் என்றால் அழுகை, போதை, பழைய காதல், கதவு மூடிய அறையில் நடந்த சண்டை என்று பார்க்கிறவர்களும் எதிர்பார்த்து உட்காருவார்கள். என் கணக்கு வேறு. கேமராவுக்கும் ஆளுக்கும் நடுவே எத்தனை அடி, எத்தனை ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் உட்கார்ந்தோம், வேண்டாம் என்று சொல்லும் உரிமை யார் கையில் இருந்தது, இந்த மூன்றும்தான் நெருக்கம்.

முதலில் அடிக்கணக்கு. 1960 வாக்கில்தான் ஆள் தோளில் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய 16 எம்எம் கேமராவும், அதோடு ஒத்திசைந்து ஓடும் கையடக்க டேப் ரெக்கார்டரும் ஆவணப்படக்காரர்கள் கைக்கு வந்தன. அதற்கு முன் ஒருவர் பேசுவதை ஒலியோடு படமெடுக்க வேண்டுமானால் கனமான கேமரா, ஸ்டாண்டு, விளக்கு என்று ஒரு கல்யாண வீட்டுச் சாமான் போய் இறங்க வேண்டும். அமெரிக்காவில் ராபர்ட் ட்ரூவின் குழுவில் இருந்த ரிச்சர்ட் லீகாக், டி. ஏ. பென்னபேக்கர், ஆல்பர்ட் மேஸில்ஸ் போன்றவர்கள் இந்தச் சாமான்களை உதறினார்கள். ஒருவர் தோளில் கேமரா, இன்னொருவர் தோளில் ரெக்கார்டர், அவ்வளவுதான் யூனிட். 1965-இல் பாப் டிலன் இங்கிலாந்தில் கச்சேரி செய்யப் போனபோது பென்னபேக்கர் அப்படித்தான் கூடவே ஒட்டிக்கொண்டு போனார். பின்னணிக் குரலில் யாரும் விளக்கம் சொல்லாத அந்தப் படம் 1967-இல் வெளிவந்தது. இன்றைக்கு இசைக்குழு ஆவணப்படம் என்றாலே நம் மனசில் வரும் ஹோட்டல் அறை, கார் பின்சீட், மேடைக்குப் பின்னால் இருட்டில் நடப்பது எல்லாவற்றுக்கும் அதுதான் அச்சு.

ஆனால் ஃபிலிமுக்கு ஒரு கொடுமை உண்டு. 400 அடி ரோல் சுமார் 11 நிமிடம்தான் ஓடும். சண்டை 12-ஆவது நிமிடத்தில் ஆரம்பித்தால், நீங்கள் குனிந்து ரோல் மாற்றிக்கொண்டிருப்பீர்கள். அதனால் எப்போது ஓட்டுவது, எப்போது நிறுத்துவது என்று மூக்கில் வியர்க்க வேண்டும். இப்போது மெமரி கார்டில் மணிக்கணக்காக ஓடுகிறது. அதற்காக எல்லாம் சுலபமாகிவிடவில்லை. ஓட்டிக்கொண்டே இருப்பவன் பார்ப்பதை நிறுத்திவிடுகிறான்.

அடிக்கணக்கில் லென்ஸ் விஷயம் முக்கியம். ஜூம் லென்ஸ் போட்டு எதிர்மாடியிலிருந்து ஒருவர் முகத்தைத் திரை நிறையக் கொண்டுவரலாம். அகல லென்ஸ் போட்டு அதே அளவு முகம் வர வேண்டுமானால், அவர் மூச்சுக்காற்று உங்கள் மேல் படுகிற தூரத்துக்குப் போக வேண்டும். திரையில் இரண்டும் கிட்டத்தில்தான் தெரியும். முதலாவதில் அவருக்குத் தெரியாமலே எடுத்துவிடலாம். இரண்டாவதில் அவர் "போங்கணா" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. வட சென்னையை இத்தனை காலமும் பெரும்பாலும் ஜூம் போட்டுத்தான் எடுத்திருக்கிறார்கள். சந்து, கேரம் போர்டு, கத்தி, கானா, மறுபடி கத்தி. நாங்கள் கேமராவோடு போன முதல் ஞாயிறு, தெருமுனைத் தண்ணீர்ப் பம்பில் நின்ற ஓர் அக்கா கேட்ட கேள்வி: "இன்னாப்பா, ரவுடிப் படமா?"

வட சென்னையில் ராக் குழுவா என்று புருவம் தூக்குபவர்களுக்கு ஒரு சின்ன வரலாறு. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் ராயபுரத்தில் திறந்தது. ராயபுரம், பெரம்பூர் பக்கம் ரயில்வே வேலையோடு ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வந்தன. அவர்களோடு கிதாரும் நடன இசையும் வந்தன. மாதா கோயில் பாட்டுக்குழுவில் கீபோர்டு பழகிய பையன்கள் இன்றும் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். இன்னொரு பக்கம் சாவு வீட்டில் விடிய விடியப் பாடும் மரண கானா, அதோடு டேப், டோலக், சட்டி என்ற தாளக் கருவிகள். இந்த இரண்டு பக்கமும் அக்கம்பக்கத்தில் இருந்துகொண்டே வெகுகாலம் ஒரே மேடையில் ஏறவில்லை. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் கச்சேரி நடத்தியபோது, கிதார், டிரம்ஸோடு பறையும் சட்டியும் கட்டமோளமும் சரிக்குச் சரி நின்றன. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய அந்தக் குழு, அயோத்திதாசர் சொன்ன 'சாதியற்ற தமிழர்' என்பதிலிருந்து பெயர் எடுத்தது. ராயபுரத்து இசைவாணி அதில் பாடியவர். 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் வந்தார். அதற்கப்புறம் மொட்டைமாடிக் கொட்டகைகளில் ஆம்ப் (கிதாரின் ஒலிபெருக்கி) சத்தம் கேட்டால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. நாங்கள் எடுத்த பசங்களும் அந்த அலையில் சேர்ந்தவர்கள்தான்.

சரி, கொட்டகைக்கு வருவோம். பத்துக்குப் பன்னிரண்டு இருக்கும். தகரக் கூரை, மூன்று பக்கம் பழைய ஃபிளெக்ஸ் பேனர். கிக் டிரம்முக்குள் சத்தம் அடங்க ஒரு தலையணை. கீழ்வீட்டில் பாடகனின் அம்மா. கார்த்திகை மாதம், காற்றில் ஈரம். பறை வாசிக்கும் பையன் ஓரமாகக் குந்தி, பழைய பேப்பரைக் கொளுத்தித் தோலைக் காட்டுகிறான். திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் ஒரு தட்டு, காது கொடுத்துக் கேட்பது, மறுபடி தீ. தொய்ந்த தோல் சூட்டில் இறுகி, தொப் தொப்பென்றிருந்த சத்தம் மெல்ல டங் டங்கென்று மேலேறுகிறது. இரண்டடி தள்ளி லீட் வாசிப்பவன் செல்போன் ஆப்பைப் பார்த்துக் கம்பி முறுக்குகிறான். பச்சை விளக்கு வந்ததும் "ரெடி" என்கிறான். இவன் நிமிராமல், "இருடா, இதுக்கு ஆப்பு இல்ல" என்கிறான். பேப்பர் முழுக்க எரிந்து முடிகிறவரை ஐந்து பேரும் காத்திருக்கிறார்கள். ஏழு நிமிடம். படத்தில் இதில் நாலு நிமிடம் இருக்கிறது. ஒரு விழாவுக்கு அனுப்பியபோது 'வேகம் குறைகிறது' என்று பதில் வந்தது. வேகம் குறைகிறதுதான்.

ஒலியைப் பற்றிச் சொல்லாமல் இந்த வகைப் படத்தைப் பேசவே முடியாது. நெருக்கம் கண்ணில் பாதி, காதில் முக்கால். கணக்கு இடிக்கிறது, தெரியும். மைக் பிடித்தவன் அப்படித்தான் சொல்வான். பீட்டில்ஸ் உறுப்பினர்கள் தனியாக ஏதாவது பேச வேண்டுமென்றால் ஆம்பைக் கூட்டிவிட்டு, கிதாரைச் சும்மா சுரண்டிக்கொண்டே பேசுவார்களாம். மைக்கில் கிதார்தான் விழும், பேச்சு விழாது. ஜாக்சனின் ஆட்கள் கணினியைப் பழக்கி, அந்தக் கிதார் சத்தத்தைத் தனியே உரித்து எடுத்துவிட்டுப் பேச்சை வெளியே கொண்டுவந்தார்கள். தொழில்நுட்பம் என்று பார்த்தால் அபாரம். ஆனால் கேட்கக் கூடாதென்றுதானே சுரண்டினார்கள்? ஜனவரி 10-ஆம் தேதி ஹாரிசன் குழுவைவிட்டு விலகிப் போனார். அதன்பின் லெனனும் மெக்கார்ட்னியும் சாப்பாட்டு இடத்தில் உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசியதை, லிண்ட்சே ஹாக் பூந்தொட்டிக்குள் மைக் ஒளித்து வைத்துப் பதிவு செய்தார். அதுவும் 2021 படத்தில் வருகிறது. எட்டு மணி நேரத்தில் அதிகம் பேசப்பட்ட இடங்களில் அது ஒன்று. எனக்கோ அந்தப் படத்திலேயே தூரமான இடம் அதுதான். திரையில் ஆளே இல்லை, பூந்தொட்டிதான் இருக்கிறது.

நானும் யோக்கியன் இல்லை. ஒரு ஞாயிறு பேஸ் வாசிப்பவன் சட்டையில் காலர் மைக் மாட்டிவிட்டு மறந்துபோனேன். அவன் கீழே இறங்கிப் போய் யாரிடமோ போனில் பேசினான். ஹெட்போனில் எல்லாம் எனக்கு விழுந்தது. அரை நிமிடம் கேட்டுவிட்டுத்தான் நிறுத்தினேன். அந்த அரை நிமிடம் இன்னும் உறுத்துகிறது. வந்ததும் அவனிடமே சொன்னேன். "பரவால்லணா, ஆனா அழிச்சிடு" என்றான். அன்றிலிருந்து ஒரு விதி வைத்தோம்: மைக் மாட்டியிருக்கும் ஆள் பக்கத்தில் கேமராவும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

பணக்கார நாட்டுக் குழுக்களிடம் மூடுவதற்குக் கதவு இருக்கிறது. கேமராவை உள்ளே விடுவது ஒரு சலுகை. மெட்டாலிக்கா என்ற ராக் குழுவைப் பற்றி 2004-இல் வந்த படத்தில், குடிப்பழக்கச் சிகிச்சை முடிந்து திரும்பிய பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு, மதியம் 12 முதல் 4 வரைதான் வேலை என்கிறார். 4 மணிக்குப் பிறகு மற்றவர்கள் அன்றைய பதிவைப் போட்டுக் கேட்டாலும் அவருக்குக் கோபம். அந்த நான்கு மணியை வைத்தே பெரிய தகராறு. நம் பசங்களுக்கும் ஒரு மணிக்கட்டுப்பாடு உண்டு, அதை மனசு விதிக்கவில்லை. இரவு 10-க்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம்; எட்டரைக்கே எதிர்வீட்டுத் தாத்தா துண்டை உதறிக்கொண்டு மாடிப்படியில் வந்து நிற்பார் என்பது நடைமுறை. கணேசபுரம் சப்வேயில் மழைத்தண்ணீர் நின்றால் பிராக்டிஸே கிடையாது, டிரம்ஸ் தம்பி அந்தப் பக்கம் மாட்டிக்கொள்வான். ஜீவா ஸ்டேஷன் ரயில் ஹாரன் பாட்டுக்கு நடுவே விழும். ஒரு பாட்டில் அந்த ஹாரன் சரியாகத் தாளத்தில் விழுந்துவிட, அடுத்த வாரமே அதைக் கீபோர்டில் வாசித்துப் பாட்டிலேயே சேர்த்துவிட்டார்கள். கதவில்லாத இடத்தில் 'மேடைக்குப் பின்னால்' என்று எதைக் காட்டுவது? வீடே தெருவில்தான் நடக்கிறது. இங்கே மறைவாக இருப்பவை இரண்டே இரண்டு: கடன், வேலை.

கனடாவின் ஆன்வில் குழுவைப் பற்றிய 2008 படம் இந்த இடத்தை நன்றாகப் பிடித்தது. எடுத்த சச்சா ஜெர்வாசி பையனாக இருந்தபோது அந்தக் குழுவோடு பெட்டி தூக்கிச் சுற்றியவர். பாடகர் லிப்ஸ் பள்ளிகளுக்குச் சாப்பாடு எடுத்துப் போகும் வண்டி ஓட்டிப் பிழைக்கிறார். பிராக் நகரில் வழி தெரியாமல் தாமதமாகப் போய், வாசித்தும் முடித்த பிறகு, கிளப்காரர் காசு தர மறுக்க, அங்கேயே கைகலப்பு வரைக்கும் போகிறது. இந்தக் காட்சியைக் கொட்டகையில் போட்டுக் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. போன கோடையில் ஒரு கல்யாண ரிசப்ஷனில் வாசித்த பணம் இன்னும் பாதி வரவில்லை, அந்த ஞாபகம்.

வேலை என்றதும் பறை வாசிக்கும் பையனைச் சொல்ல வேண்டும். அவன் அப்பா சாவுக்கு வாசிப்பவர், அவனும் போவான். என் நண்பனுக்கு அதை எடுக்க ஆசை. எந்த டைரக்டருக்கும் ஆசை வரும். பூப்பல்லக்கு, பட்டாசு, தெரு நிறைய ஆட்டம், கேமராவுக்கு விருந்து. பையன் இரண்டு வாரம் பதில் சொல்லவில்லை. பிறப்பைக் காட்டி ஒரு தலைமுறையின் கழுத்தில் மாட்டிய வேலை அது. அதையே தன் கலை என்று சொல்லி நிமிர்ந்து மேடை ஏறுவது வேறு. இந்த இரண்டும் ஒரே கையில், ஒரே தோலில் இருக்கின்றன என்பதை வெளியாள் எளிதில் புரிந்துகொள்வதில்லை. மூன்றாவது வாரம் அவனே சொன்னான்: "எடுத்துக்கோங்கணா. ஆனா மொத சீனா வெக்காதீங்க." படத்தில் அது 40-ஆவது நிமிடத்துக்கு மேல்தான் வருகிறது. அதற்குள் அவன் தீ மூட்டித் தோல் இறுக்குவதைப் பார்த்திருப்பீர்கள், ஹாரனைத் தாளமாக்கியதைப் பார்த்திருப்பீர்கள். எடிட்டிங் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதியை அந்த ஒரு வரியில் அவன் சொல்லிக்கொடுத்தான்.

காகித விஷயமும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி பாடுபவருக்கும் வாசிப்பவருக்கும் தம் நிகழ்ச்சி மேல் 50 ஆண்டு உரிமை உண்டு. அவர் சம்மதம் இல்லாமல் பதிவு செய்வது தப்பு. ஆனால் படத்தில் சேர்க்க எழுத்தில் சம்மதம் கொடுத்துவிட்டால், வேறு நிபந்தனை எழுதி வைக்காத வரை, அந்தப் படத்தில் அதைப் பயன்படுத்துவதை அப்புறம் தடுக்க முடியாது. 2012 திருத்தத்துக்குப் பின், வியாபாரமானால் ராயல்டி கேட்கலாம். ஆகவே கையெழுத்துப் போடும் அந்த ஒரு தாள் பெரிய தாள். நடைமுறையில் அது ஷூட்டிங் முதல் நாள், பைக் டேங்க் மேல் வைத்து, படிக்காமல் போடப்படுகிறது. கானாவில் இன்னொரு சிக்கல்: பல பாட்டுகளின் மெட்டு ஏதோ பழைய சினிமாப் பாட்டின் மெட்டு. சாவு வீட்டில் பாடினால் யாரும் கேட்க மாட்டார்கள், படத்தில் வந்தால் மெட்டுக்கு உரியவர் வருவார். டீக்கடை ரேடியோகூட ஆபத்து. அருமையாகப் பேசிக்கொண்டிருப்பார்கள், பின்னால் இளையராஜா பாடிக்கொண்டிருப்பார். அந்தப் பேச்சு போச்சு.

எடுத்த படம் யாருடையது என்பதில் பெரியவர்களே முட்டிக்கொண்டிருக்கிறார்கள். புகைப்படக் கலைஞர் ராபர்ட் ஃபிராங்க் 1972-இல் ரோலிங் ஸ்டோன்ஸின் அமெரிக்கப் பயணத்தைக் கூடவே போய் எடுத்தார். குழுவே கூப்பிட்டு எடுக்கச் சொன்ன படம், அதில் வந்ததைப் பார்த்துக் குழுவே கோர்ட்டுக்குப் போனது. கடைசியில் டைரக்டர் நேரில் இருந்தால்தான், அதுவும் ஆண்டுக்குச் சில தடவைதான் திரையிடலாம் என்று ஆனது. அதே குழுவைப் பற்றி அதற்குச் சற்று முன், மேஸில்ஸ் சகோதரர்களும் ஷார்லட் ஸ்வெரினும் எடுத்த 1970 படம் வேறு வழியில் போனது. 1969 டிசம்பர் 6 அன்று கலிஃபோர்னியாவின் ஆல்டமான்ட் கச்சேரியில் மெரிடித் ஹண்டர் என்ற 18 வயது இளைஞர் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். கேமராவில் அது பதிவாகியிருந்தது. எடிட்டிங் மேசையில் குழுவின் பாடகர் மிக் ஜாகரை உட்காரவைத்து, அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டி, அவர் பார்ப்பதையும் எடுத்துப் படத்தில் வைத்தார்கள். படத்தில் இருப்பவர் படத்தைப் பார்ப்பது என்பது அதற்கப்புறம் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

நாங்களும் காட்டினோம். எடிட்டிங் முடியுமுன், ஓர் இரவு கொட்டகையில் பெட்ஷீட் கட்டி, வாடகைப் புரொஜெக்டர் வைத்து, குழுவுக்கும் வீட்டாருக்கும் மட்டும். லீடும் பாடகனும் அடித்துக்கொள்ளாத குறையாகச் சண்டை போடும் இடம் வந்தது. அதை வெட்டச் சொல்வார்கள் என்று பயந்துகொண்டிருந்தோம். ஆளாளுக்கு விசில் அடித்தார்கள். "அவன் மூஞ்சியப் பாருடா" என்று லீடே தன்னைக் காட்டிச் சிரித்தான். பறைக்காரப் பையனின் அப்பா, சாவு ஊர்வலக் காட்சியில் மகன் வாசித்த இடத்தை மறுபடி போடச் சொன்னார். போட்டோம். ஒன்றும் சொல்லவில்லை, கையால் தொடையில் தாளம் மட்டும் போட்டார்.

எல்லாரும் இறங்கிப் போன பிறகு பாடகன் மட்டும் வயர் சுருட்ட உதவுகிற சாக்கில் நின்றான். படத்தில் அவன் மாடியில் பாட்டு எழுதிக்கொண்டிருக்கும்போது, கீழே சமையலறையிலிருந்து அவன் அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசுவது கேட்கும். ஆள் தெரியாது, குரல் மட்டும். வாரத் தவணைக்கு ஐந்நூறு ரூபாய் குறைகிறது, புள்ளைக்குத் தெரிய வேண்டாம் என்கிறார். அவன் நோட்டுப் புத்தகத்திலிருந்து தலை தூக்க மாட்டான். படத்திலேயே எங்களுக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

"சண்டைலாம் இருக்கட்டுணா," என்றான். "அம்மா பேசுறது மட்டும் வேணாம்."

நண்பன் என்னைப் பார்த்தான். கையெழுத்துப் போட்ட தாள் எங்கள் பையில் இருந்தது. நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்த இடத்தில் அவன் எழுதிக்கொண்டிருப்பது மட்டும் இருக்கிறது, நாற்பது வினாடி. பின்னால் குக்கர் விசில் மூன்று முறை அடிக்கிறது.